நாஸில் ‘டக்’கென்று நிற்கும்வரை காத்திருக்காதீர்கள்

ஜார்ஜியாவின் லேனியர் ஏரியில் படகு வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. கம்மிங், சுவானி பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு ஏரி கூப்பிடு தூரம். புதிதாகப் படகு வாங்கியவர்கள் என்னிடம் எஞ்சின் பற்றிக் கேட்பார்கள், ட்ரெய்லர் பற்றிக் கேட்பார்கள், இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்பார்கள். பெட்ரோல் போடுவதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது, காருக்குப் போடுகிற மாதிரிதானே என்ற நினைப்பு. காருக்குப் போடுகிற மாதிரி படகுக்குப் போட்டால் கொஞ்சம் பெட்ரோல் ஏரிக்குள் போகும். பலருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் படகின் வெளிப்பக்கம், ரப்பர் விளிம்புக்குச் சற்றுக் கீழே பாருங்கள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்ன உலோகப் பொருத்து இருக்கும், கீழ்ப்பக்கம் திறப்போடு. அதுதான் பெட்ரோல் தொட்டியின் வென்ட். உள்ளே பெட்ரோல் இறங்க இறங்க அங்கிருந்த காற்று வெளியேற வேண்டும். எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கக் குடிக்க வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் அந்த ஒரு வழிதான். தொட்டியின் மேல்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் அதுவரை வரும். நாம் நாஸிலை, அதாவது பம்புக் குழாயின் முனையை, செருகுகிற வாய் படகின் மேல்தளத்தில் இருக்கும். அதிலிருந்து தொட்டிக்கு ஒன்றரை அங்குல ஹோஸ் வளைந்து இறங்கும்.

பம்பு தானாக நிற்பது எப்படி என்று தெரிந்தால் மிச்சமெல்லாம் புரிந்துவிடும். நாஸிலின் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் ஓடும்போது அந்தத் துளை வழியே காற்று இழுபட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மேலே ஏறி வந்து துளையை அடைத்ததும் காற்று நின்றுபோய், உள்ளே வெற்றிடம் உண்டாகி, வால்வு ‘டக்’கென்று விழும். ஆக, நாஸில் நிற்க வேண்டுமென்றால் பெட்ரோல் அதன் நுனிவரை ஏறி வந்தே ஆக வேண்டும். காரில் குழாயும் காற்றுவழியும் அதற்கென்றே அமைக்கப்பட்டவை. படகில், குறிப்பாகப் பழைய படகில், வென்ட்டின் வாய் பல சமயம் நாஸில் நுனியை விடத் தாழ்வாக இருக்கிறது. தொட்டி நிறைந்தபின் பெட்ரோல் நிரப்பும் ஹோஸிலும் ஏறும், வென்ட் ஹோஸிலும் ஏறும். இரண்டில் எது தாழ்வோ அது வழியாக முதலில் வெளியே வரும். நீங்கள் ‘டக்’ சத்தத்துக்காகக் காத்திருக்கிறீர்கள்; அந்த நேரத்தில் உங்கள் கண்ணில் படாத பக்கத்தில் வென்ட் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கம். பங்க்கில் ‘ரவுண்டா 500 போடுங்க’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். இங்கே வந்தபின்பும் நாஸில் நின்றதும் இன்னும் ரெண்டு அழுத்து அழுத்தி டாலரை முழு எண்ணில் கொண்டுவந்து நிறுத்துகிற கை நம்முடையது. காரிலேயே அது நல்லதல்ல. படகில் அந்த ரெண்டு அழுத்துதான் நேராக ஏரிக்குப் போகிறது.

ஏரி என்று நான் சொல்வது ஏதோ சுற்றுலா இடத்தை அல்ல. 1950களில் சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே ராணுவப் பொறியாளர் படை புஃபர்ட் அணையைக் கட்டியதில் உண்டான நீர்த்தேக்கம் இது. 38,000 ஏக்கர். ஃபோர்சைத் கவுண்டியும் க்வினெட் கவுண்டியும் கெயின்ஸ்வில் ஊரும் குடிநீர் எடுப்பது இதிலிருந்து. அட்லாண்டா நகரம் அணைக்குக் கீழே ஆற்றிலிருந்து எடுக்கிறது. நம் வீட்டுச் சமையலறைக் குழாயில் வருவது, குழந்தைக்குப் பால் காய்ச்சுவது, இந்தத் தண்ணீர்தான். பெட்ரோலில் பென்சீன், டொலுவீன், சைலீன் எல்லாம் இருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்பது எனக்குச் சமாதானமாக இல்லை. காவிரிக்கரையில் பிறந்தவன் நான். குடிக்கிற தண்ணீரில் எதையும் கொட்டக்கூடாது என்பது எனக்கு வாதாடி முடிவு செய்ய வேண்டிய விஷயமே இல்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். என்னுடையது 2006 மாடல், 21 அடி பௌரைடர், முன்பக்கமும் இருக்கை உள்ள திறந்த படகு. தொட்டி 40 கேலன், அதாவது ஏறக்குறைய 150 லிட்டர். நான் அதை ஒருபோதும் நிரப்புவதில்லை. 36 கேலன்தான் என் எல்லை. பத்தில் ஒரு பங்கு காலியாகவே இருக்கும். ‘காசு கொடுத்து வாங்கிய தொட்டியில் பத்து சதவீதம் வீணா’ என்று ஒரு நண்பர் கேட்டார். வீணில்லை, அந்த இடத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

பெட்ரோல் சூடானால் விரியும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் கிட்டத்தட்ட ஒரு சதவீதம். கரையில் மண்ணுக்கடியில் புதைத்த தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல், ஜூலை மாதத்திலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதே பெட்ரோல், நட்டநடு வெயிலில் கட்டிப்போட்ட படகின் தளத்துக்கு அடியில் சில மணி நேரம் கிடந்தால் 20 டிகிரி ஏறுவது சாதாரணம். 150 லிட்டரில் அது 3 லிட்டர் கூடுதல். விளிம்புவரை நிரப்பிய தொட்டியில் அந்த 3 லிட்டருக்கு எங்கே இடம்? வென்ட் வழியாக ஒழுகும். பம்பு பக்கம் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் போட்டுவிட்டு வந்திருப்பீர்கள். படகு சும்மா நிற்கும்போது, யாரும் பார்க்காதபோது, அது ஒழுகிக்கொண்டிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான். வேகமெடுக்கையில் படகின் மூக்கு தூக்கும், பெட்ரோல் எல்லாம் பின்பக்கம் சாயும். ட்யூபில் பிள்ளைகளை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு ஒரு திருப்பு திருப்பினால் பக்கவாட்டில் மோதும். தொட்டி முட்ட நிறைந்திருந்தால் அந்த அலை வென்ட் ஹோஸில் ஏறி வெளியே தெறிக்கும்.

டாக்கில், அதாவது படகு கட்டும் மேடையில், கட்டிய படகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இது கண்ணுக்கே தெரியும். படகின் வெளிப்பூச்சான வெள்ளை ஜெல்கோட்டில், வென்ட்டுக்கு நேர்கீழே, தண்ணீர் மட்டம்வரை வழிந்து காய்ந்த வெளிர்மஞ்சள் கோடு. மேலே விரல் அகலம், கீழே போகப் போகப் பரவியிருக்கும். அதன்மேல் தூசி ஒட்டிப் பழுப்பேறியிருக்கும். மெழுகு போட்டாலும் முழுக்கப் போகாது. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத் திறப்பதற்கு முன் அந்த இடத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். கோடு இருந்தால் அந்தப் படகு அடிக்கடி பெட்ரோலைக் கக்கியிருக்கிறது. போடுகிற விதத்தில் தவறா, ஹோஸ் அமைப்பில் தவறா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

36இல் நிறுத்த வேண்டுமென்றால், போடுவதற்கு முன்பே எவ்வளவு வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. உள்ளே இருப்பது ஒரு மிதவை. தொட்டியின் அடி பல படகுகளில் ‘வி’ வடிவம். படகில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் முள் மாறும். நான் எஞ்சின் ஓடிய மணி நேரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். என் படகு நிதானமாக ஓட்டினால் மணிக்கு எத்தனை கேலன் குடிக்கும் என்பது கொஞ்ச நாளில் பிடிபட்டுவிட்டது. கணக்கு 24 கேலன் என்று வந்தால் பம்பு மீட்டரில் 22 வந்ததும் கவனமாகிவிடுவேன். அவ்வளவுதான் கணக்கு, ஆனால் எந்தக் கருவியை விடவும் இது பெரிய உதவி.

பம்பில் என் முறை இது. நிரப்பும் வாயும் வென்ட்டும் என் படகில் ஒரே பக்கம். அந்தப் பக்கம் டாக்கை ஒட்டி வருமாறு கட்டுவேன். எஞ்சினை அணைத்து, மூடிகள் எல்லாம் மூடி (கேபின் உள்ள படகென்றால் கதவு, ஜன்னலும்), எல்லாரையும் இறக்கிவிடுவேன். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. திறப்பு கிடைத்தால் உள்ளே இறங்கி அடியில் தேங்கும். ஆட்களை இறக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: படகு சமமாக நிற்கும். நாலு பேர் ஒரு பக்கம் உட்கார்ந்து படகு வென்ட் பக்கம் சாய்ந்திருந்தால், தொட்டி நிறையும் முன்பே ஊற்றும். நாஸில் உலோகப் பகுதி வாயின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நிலைமின்சாரம் பொறி விடாமல் இருக்க. கைப்பிடியில் கொக்கி இருந்தாலும் மாட்டிவிட்டுப் போகமாட்டேன். கடைசிவரை கை அதில்தான்.

அப்புறம் காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மரினாவில் வேலை பார்த்த ஒரு வயதான மெக்கானிக். பெட்ரோல் இறங்கும்போது வென்ட்டிலிருந்து ‘உஸ்’ என்று காற்று வரும். தொட்டி பாதி இருக்கும்போது அது சீரான, தாழ்ந்த சத்தம். நிறைய நிறைய அந்தச் சத்தம் மெலிந்து கூர்மையாகும், நடுவில் விட்டு விட்டு வரும். கடைசியில் ‘களக் களக்’ என்று ஒரு சத்தம் சேரும். அது கேட்டால் பெட்ரோல் ஹோஸுக்குள் வந்துவிட்டது, தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். குரல் மாறும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். என் மனைவி டாக்கில் மண்டியிட்டு வென்ட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டிருப்பாள். காற்று விரலில் படுவது குறைந்ததும் ‘போதும்ங்க, நிறுத்துங்க’ என்பாள். மீட்டரில் கணக்கு இன்னும் ஒரு கேலன் மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிடுவேன். கணக்கும் காற்றும் ஒத்துப்போகவில்லை என்றால் காற்றைத்தான் நம்ப வேண்டும். சனிக்கிழமை பிற்பகலில் பின்னால் ஐந்தாறு படகு காத்திருக்கும், பம்பில் நிற்கிற கல்லூரிப் பையன் அவசரப்படுத்துவான். பரவாயில்லை, மெதுவாகவே போடுங்கள். கடைசி சில கேலன்களுக்குக் கைப்பிடியைப் பாதிதான் அழுத்த வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு காப்பு வேண்டும் என்பவர்களுக்கு வென்ட் பாட்டில் என்று ஒன்று விற்கிறார்கள். பிளாஸ்டிக் குடுவை, இரண்டு ரப்பர் உறிஞ்சிகள். வென்ட்டை மூடினாற்போலப் படகின் பக்கத்தில் ஒட்டவைத்தால் வழிகிற பெட்ரோல் அதில் விழும், காற்று தனியாக வெளியேறும். விலையும் அதிகமில்லை. ஒட்டும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அலை ஒன்று வந்ததும் கழன்று தண்ணீரில் விழும். எஞ்சினைக் கிளப்பும் முன் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். நாஸிலைச் சுற்றி ஒரு உறிஞ்சு துணியும் மாட்டிக்கொள்வேன். எடுக்கும்போது சொட்டுகிற நாலு சொட்டு அதோடு போகும்.

நிரந்தரமாகச் செய்ய நினைத்தால், வென்ட் ஹோஸின் நடுவே மாட்டுகிற ஒரு பிரிப்பான் உண்டு. ரேகார் கம்பெனியின் லைஃப்கார்டு அந்த வகையில் பெயர் பெற்றது. காற்றை விடும், திரவம் ஏறி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு அடைத்துக்கொள்ளும், பெட்ரோல் திரும்பத் தொட்டிக்கே இறங்கும். வென்ட் அடைபட்டால் பெட்ரோல் வேறு வழியின்றி நிரப்பும் ஹோஸில் ஏறும். நாஸில் நுனியைத் தொட்டு ‘டக்’கென்று நிறுத்தும். காரில் நடப்பதை இதுவும் நடத்திக்காட்டுகிறது. ஆனால் அதைச் செங்குத்தாக, தொட்டியின் மேல்மட்டத்தை விட நல்ல உயரத்தில் மாட்ட வேண்டும். ஹோஸ் தொட்டியிலிருந்து அதுவரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொங்கல் விழக்கூடாது.

இந்தத் தொங்கல்தான் பழைய படகுகளில் பாதித் தொல்லைக்குக் காரணம் என்பது என் அனுபவம். ஹோஸைப் பிடித்திருந்த பட்டை அறுந்து, ஹோஸ் நடுவில் தொய்ந்து ஒரு பள்ளம் உண்டாகும். அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் பெட்ரோல் தேங்கும். காற்று அதைத் தாண்டி வர முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறும். பாதித் தொட்டிகூட நிறைந்திருக்காது, நாஸில் திரும்பத் திரும்ப நிற்கும், இல்லையென்றால் நிரப்பும் வாய் வழியாக முகத்தில் தெறிக்கும். பம்பு சரியில்லை என்று பம்பைத் திட்டுவோம். வென்ட் பொருத்தின் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜார்ஜியாவில் இன்னொரு எதிரி குளவி. வசந்தகாலத்தில் எந்தத் துளையைக் கண்டாலும் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். வென்ட்டின் வாய் அதற்கு அளவெடுத்துச் செய்த வீடு. வென்ட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி வலை உண்டு. அதற்கு முன்னால் மண்கூடு கட்டியிருக்கும். குச்சியை விட்டுக் குத்தினால் வலை கிழியும், மண் உள்ளே போகும். வெளிப் பொருத்தையே கழற்றி எடுத்து, கையில் வைத்துத் தட்டினால் காய்ந்த மண் பொலபொலவென்று உதிரும். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷால் வலையைத் துடைத்துவிட்டு மாட்டலாம். மே மாதக் கடைசியில் மெமோரியல் டே கூட்டம் தொடங்குவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதுப் படகு வைத்திருப்பவர்கள் இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் கொண்டுவந்த விதிகள், பொருத்தப்பட்ட பெட்ரோல் தொட்டிகளுக்கு 2011 ஜூலை இறுதியிலிருந்து நடைமுறைக்கு வந்தன. அதன்படி கட்டிய படகுகள் சிந்தாமல் நிரப்பும்படி அமைந்தவைதான், ‘டக்’ சத்தம் அவற்றில் நம்பத்தக்கதுதான். ஆனால் அவற்றில் பலவற்றின் வென்ட் ஹோஸில் கரி நிரப்பிய டப்பா ஒன்று இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமல் பிடித்துவைக்க. நாஸில் நின்றபிறகு மேலும் அழுத்தி நிரப்பினால் திரவப் பெட்ரோல் அந்தக் கரியில் போய் ஊறும். ஊறிய கரி காற்றை விடாது. அதன்பிறகு ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடுவதும் போராட்டமாகிவிடும், டப்பாவை மாற்றுவதும் சும்மா இல்லை. ஆகவே, நின்றால் நின்றதுதான்.

பெட்ரோல் போட்டு முடித்ததும் மூடிகளைத் திறந்துவிட்டு, ப்ளோயரை (எஞ்சின் பகுதியிலிருந்து ஆவியை வெளியேற்றும் விசிறியை) குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, எஞ்சின் பகுதியில் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். ப்ளோயர் ஓடியதே என்று மோந்து பார்ப்பதை விட்டுவிடக்கூடாது. கையில் தூக்குகிற சின்னத் தொட்டி என்றால் அதைப் படகிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். இது பேச்சுக்கு இடமில்லாதது.

இத்தனைக்குப் பிறகும் சிந்திவிட்டால்? தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் விரியும். பார்த்ததும் சிலர் பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து ஊற்றுவார்கள். படலம் உடனே மறைந்துவிடும், அதனால் சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். பெட்ரோல் எங்கும் போகவில்லை. துளித்துளியாக உடைந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது, சோப்பும் சேர்ந்து. இது சட்டப்படியும் குற்றம். எண்ணெய்க்கு மட்டுமான வெள்ளை உறிஞ்சு விரிப்புகள் விற்கிறார்கள், அவை தண்ணீரை உறிஞ்சாமல் மிதந்துகொண்டே எண்ணெயை மட்டும் எடுக்கும். இரண்டு மூன்றை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். படலத்தின்மேல் விரித்து, ஊறியதும் எடுத்து, பம்பு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். ஊறிய விரிப்பைப் படகுக்குள் வைத்து மூடினால் ஆவி சேரும். பம்பு ஆளிடம் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1972இன் தூய நீர்ச் சட்டத்தின்கீழ், தண்ணீரில் படலம் தெரிகிற அளவுக்குச் சிந்தினாலே நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டருக்கு (National Response Center) தெரிவிக்க வேண்டும். 26 அடியும் அதற்கு மேலும் உள்ள படகுகளில் இதைப் பற்றிய அறிவிப்புத் தகடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி. என் படகு 21 அடிதான். இருந்தாலும் ஒன்று வாங்கி எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும் என்று.

குளிர்காலத்துக்குப் படகை நிறுத்தும்போது தொட்டியைக் கிட்டத்தட்ட நிறைத்து வைக்கச் சொல்வார்கள், காலியிடத்தில் ஈரம் சேராமல் இருக்க. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. அவர்களும் 95 சதவீதம் என்றுதான் சொல்வார்கள், முழுக்க என்று அல்ல. நான் எத்தனால் கலக்காததைப் போட்டு, பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, என் வழக்கமான அளவிலேயே விட்டுவிடுகிறேன். மார்ச்சில் திடீரென்று 25 டிகிரி வெயில் அடிக்கிற ஊர் இது.

சென்ற வாரம் சுவானி நண்பர் ஒருவர் அழைத்தார். பழைய படகு வாங்கியிருக்கிறார், 2004 மாடல். ‘அண்ணா, பத்து கேலன்கூடப் போட முடியல, டக் டக்னு நிக்குது’ என்றார். வென்ட்டுக்குக் கீழே மஞ்சள் கோடு இருக்கிறதா என்று கேட்டேன். போட்டோ அனுப்பினார், இருந்தது. வென்ட்டைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுக்கச் சொன்னேன். ஹோஸ் தொய்ந்து, பழசாகி, மேலெல்லாம் வெடிப்பு. ஒட்டுப்போட்டுப் பயனில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை படகுகளுக்கான 5/8 அங்குலப் பெட்ரோல் ஹோஸும் துருப்பிடிக்காத க்ளாம்ப்புகளும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டு ட்ரைவ்வேயில் மாற்றப் போகிறோம். மிச்சமிருக்கும் பெட்ரோலைப் பாதிக்கும் கீழே இறக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன், பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். நிரப்பும் ஹோஸின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு க்ளாம்ப் இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுவோம்.